மதுவும் அதிமதுரமும்

மது இரைப்பையின் உட்சுவரைப் புண்படுத்துவதை உயிருள்ள மனிதனிலே கண்ணாற் கண்டறிந்தது 19ஆம் நூற்றாண்டிலாகும். 1822இல் வட அமெரிக்காவின் மக்கினாத் தீவில் அலெக்சிஸ் சென் மார்ட்டின் என்னும் தொழிலாளி துப்பாக்கிச் சூட்டினாற் காயமுற்றான். உயிர் பிழைத்தான், எனினும், வயிற்றிலே ஒரு துவாரம் மூடாது நின்றது. அவ்வழியே இரைப்பையை நோக்கி ஆராய்ந்தார் இராணுவ வைத்தியர் வில்லியம் போமன்ட். பல நாள் மது அருந்தியபின் உட்சுவர் சிவந்து புண்பட்டிருந்தது. அவனோ, நோவொன்றும் இல்லை, பசியும் நன்று என்றான்! 1833இல் வெளியான போமன்டின் நூல் இதனைக் கூறும்.

இரைப்பைப் புண்ணுக்கு மருந்து தேடியோர் மூலிகைகளையும் நாடினர். மருந்துக் கடைக்காரர் ஒருவர் விற்ற அதிமதுரக் கலவை புண்ணை ஆற்றுவதை ஒல்லாந்து வைத்தியர் ரெவர்ஸ் 1946இல் அறிவித்தார். சித்த வைத்தியம் நெடுங்காலம் போற்றிய வேரன்றோ அது! ஆயினும், உண்டோரிற் சிலருக்கு உடல் வீங்கிற்று. அவ்வேரின் சத்திலிருந்து இங்கிலாந்தில் ஆக்கப்பட்ட கார்பெனொக்சலோன் இரைப்பைப் புண்ணை ஆற்றுமென 1962இல் ஒரு சோதனை காட்டிற்று. அதுவும் உப்பையும் நீரையும் உடலிலே தேக்கி, இரத்த அழுத்தத்தை உயர்த்தியது; 1970களின் பிற்பகுதியிற் புதிய மருந்துகள் வரவே வழக்குக் குன்றியது.

1979இல் ஆந்திரே றொபேட், முன்னரே புரொஸ்டாகிளாண்டின் கொடுக்கப்பட்ட எலிகளின் இரைப்பையை மதுசாரம் சிதைக்கவில்லையெனக் காட்டினார். பின்னர் பல தாவரச் சத்துக்களும் எலிகளிலே அவ்வாறு சோதிக்கப்பட்டன. எலியிற் கண்ட காப்பு மனிதனுக்கு உறுதியன்று. நோவின்றியே புண்பட்ட சென் மார்ட்டினின் இரைப்பை உரைப்பது ஒன்றே: மதுவை விலக்குதலே முதல் மருந்து.