மலேசியத் தமிழ்ப்பள்ளி ஆசிரியர்களின் பணி ஓய்வுப் பயன்கள்: சேமநிதியும் ஓய்வூதியமும்

மலேசியத் தமிழ்ப்பள்ளிகளின் வரலாறு பெரும்பாலும் மொழிக்கொள்கை, பாடத்திட்டம், மாணவர் தொகை ஆகியவற்றின் வழியே நோக்கப்படுகிறது. ஆசிரியரின் பணி ஓய்வுப் பயன்கள் அவ்வரலாற்றின் மற்றொரு கூறை வெளிப்படுத்துகின்றன. ஆசிரியரின் முதலாளி யார் என்ற வினாவுக்குக் காலந்தோறும் கிடைத்த விடையே அவரது முதுமைக்கால வாழ்வை வகுத்தது.

கூட்டு மலாய் மாநிலங்களின் 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டத்தொகுப்பு, பள்ளி வயதுக் குழந்தைகள் பத்துப் பேரோ அதற்கு மேலோ வாழும் தோட்டங்களில் பள்ளி நடத்தும் கடமையை நிருவாகத்திடம் ஒப்படைத்தது. பல தோட்டங்களில் கங்காணியோ எழுத்தரோ ஆசிரியராகவும் விளங்கினார். குடியிருப்பு வேலையோடு இணைந்திருந்தமையால், பணி முடிந்தபோது தங்குமிடமும் கேள்விக்குறியானது.

1951இல் ஊழியர் சேமநிதி தோன்றியது. தொடக்கத்தில் ஊழியரும் முதலாளியும் ஊதியத்தில் 5 விழுக்காடு வீதம் செலுத்தினர். 55 வயதில் அத்தொகையை மீட்கலாம். சேமிப்பு உறுப்பினரின் பெயரிலேயே இருந்ததால், தோட்டம் கைமாறினாலும் துண்டாடப்பட்டாலும் அது அழியவில்லை. எனினும், குறைந்த ஊதியம் பெற்றவரின் சேமிப்பும் குறைவாகவே இருந்தது. செலவழிந்தபின் வேறு வருவாய் இல்லை.

1957ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்தின்பின் தமிழ்ப்பள்ளிகள் தேசியக் கல்வி முறைக்குள் வந்தன. உதவிபெறும் பள்ளிகளின் ஆசிரியர்களுக்கு அரசு மானியத்திலிருந்து ஊதியம் கிடைத்தபோதிலும், அவர்கள் பள்ளி வாரியத்தின் ஊழியர்களாகவே கருதப்பட்டனர். 1967ஆம் ஆண்டு ஆசிரியர் வேலைநிறுத்தத்திற்குப் பின்னர் அமைந்த அசீஸ் ஆணையம் 1971இல் அறிக்கை அளித்தது. அதனைத் தொடர்ந்து, அரசுப்பணியை விருப்பத்தின்பேரில் ஏற்கும் வாய்ப்பு எழுபதுகளில் ஆசிரியர்களுக்குத் திறந்தது.

1980ஆம் ஆண்டு ஓய்வூதியச் சட்டத்தின் கணக்கு இவ்வேறுபாட்டை விளக்கும். இறுதிச் சம்பளத்தை ஈட்டிய மாதங்களால் பெருக்கி 600ஆல் வகுத்தால் மாத ஓய்வூதியம் கிடைக்கும். சம்பளத்தில் பாதி என்பது அன்றைய உச்சவரம்பு. 300 மாதம் பணியாற்றி 1,200 ரிங்கிட் இறுதிச் சம்பளம் பெற்ற ஒருவர், மாதம் 600 ரிங்கிட்டும், 7.5 விழுக்காட்டுக் கணக்கில் 27,000 ரிங்கிட் பணிக்கொடையும் பெறுவார். அவர் மறைந்தபின் துணைவருக்கும் வயதுவராத பிள்ளைகளுக்கும் குடும்ப ஓய்வூதியம் உண்டு. சேமநிதியில் எஞ்சிய தொகை மட்டுமே வாரிசுகளைச் சேரும். நீண்ட ஆயுளின் சுமையை முதல் முறையில் அரசும், இரண்டாவதில் தனிமனிதரும் ஏற்கின்றனர்.

1991ஆம் ஆண்டுப் புதிய ஊதிய முறையில், புதிதாகப் பணியேற்போர் இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் உரிமை பெற்றனர். தோட்ட நிலத்திலுள்ள பல தமிழ்ப்பள்ளிகள் இன்றும் பகுதி உதவிபெறும் பள்ளிகளாகவே இருப்பினும், அங்குப் பணிபுரியும் ஆசிரியர் அரசு ஊழியராவார். அதே வளாகத்தில் ஒப்பந்த நிறுவனத்தின்கீழ் உழைக்கும் காவலரும் துப்புரவுப் பணியாளரும் சேமநிதியையே நம்பியுள்ளனர்.

எனவே, தமிழ்ப்பள்ளி வரலாறு முழுமைபெற, பள்ளிக் கட்டடம் யாருடையது என்பதோடு, அங்கு உழைத்தவரின் முதுமைக்கு யார் பொறுப்பேற்றனர் என்பதும் ஆராயப்படுதல் வேண்டும்.