மூன்று படைக்கு ஒரு தலைமை

மட்டக்களப்புக்கு அப்பால், கடலடியில் ‘ஹேர்மிஸ்’ என்னும் விமானந்தாங்கிக் கப்பல் கிடக்கிறது. தம்பிலுவில் மாணவரைக் கேட்டால், சுழியோடிகள் பார்க்கப்போகும் கப்பல் என்பர். அக்கப்பலின் முடிவு ஒரு பதவியின் வரலாற்றோடும் பிணைந்தது.

1942 பெப்ரவரி 15இல் சிங்கப்பூர் வீழ்ந்தது. மார்ச் 8இல் இரங்கூன். நம் உலைக்கு அரிசி அனுப்பிய பர்மா கைவிட்டுப் போயிற்று. அந்த மார்ச்சிலேதான் அட்மிரல் சேர் ஜெஃப்ரி லேற்றன் இலங்கையின் பிரதம தளபதியானார். தீவிலிருந்த தரை, கடல், விமானப் படைகள் மூன்றும் அவர் ஆணைக்குட்பட்டன. அதுமட்டுமா? தேசாதிபதி சேர் அன்ட்ரூ கல்டெகொட்டும் சிவில் நிருவாகமும்கூட அவர் பணிப்புக்கு அடங்க வேண்டியதாயிற்று. 1931இலேயே சர்வசன வாக்குரிமை பெற்று, அரசாங்க சபைக்குப் பிரதிநிதிகளைத் தெரிந்தனுப்பிய மக்கள் நாம். நம்மை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அமைச்சர்கள் யுத்த சபையில் அமர்ந்தனர் என்பது மெய்யே. ஆயினும் இறுதிச் சொல் அட்மிரலுடையது.

அவர் சோம்பியிருந்தார் என்று சொல்வது நியாயமாகாது. கொழும்புக் குதிரைப்பந்தயத் திடலும் விமான ஓடுபாதையாகி, ஏப்ரல் 5இல் ஜப்பானியர் கொழும்பைத் தாக்கியபோது பயன்பட்டது. ஆனால் ஏப்ரல் 9இல் என்ன நடந்தது? திருகோணமலை தாக்கப்படும் என்றறிந்து முதல்நாளிரவே ஹேர்மிஸ் துறைமுகத்தை விட்டு வெளியேற்றப்பட்டது. விமானந்தாங்கி என்று பெயர். தாங்க ஒரு விமானமும் அதில் இல்லை! எதிரி கண்டுகொண்டான். உதவிக்கு இரத்மலானையிலிருந்து பறந்த வேட்டை விமானங்கள் வந்து சேருமுன் கப்பல் மூழ்கிவிட்டது. மாண்டவர் 307 பேர். தீவின் பாதுகாப்பு லேற்றனிடமும், கீழைக் கடற்படைத் தொகுதி அட்மிரல் சமர்வில்லிடமும் இருந்த காலம் அது. தேசாதிபதிக்கு மேலே எழுந்த தலைமையாலும் ஒரு கப்பலின் தலைக்கு மேலே நேரத்துக்கு விமானம் அனுப்ப முடியவில்லை.

சுதந்திர இலங்கையில் இவ்வெண்ணம் வேறு உருவெடுத்தது. 1985இல் கூட்டுப் படை நடவடிக்கைத் தலைமையகம் அமைந்தது. இம்முறை எதிரி கடல் கடந்து வரவில்லை. போர் நம் வயல்வெளிகளிலேயே நடந்தது. தரை, கடல், விமானப் படைகளையும் பொலிசையும் ஒருங்கிணைக்க மேலே ஒரு மேசை இருந்தது. கீழே, காவலரணில் மறிக்கப்பட்டவன் தன் முறையீட்டை எந்த மேசையில் வைப்பது?

1999இல் பாதுகாப்புப் பதவிநிலைப் பிரதானி என்னும் பதவி தோன்றியது. 2009ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் அதற்குச் சட்டவுருக் கொடுத்தது. ஆனால் முப்படைத் தளபதிகள் தத்தம் படைக்குத் தலைவர்களாகவே நீடித்தனர். லேற்றனுக்கு அளவுக்கு மிஞ்சியிருந்த அதிகாரம் இங்கே பெயரளவாய்ச் சுருங்கியது. போரில் வென்ற இராணுவத் தளபதி சரத் பொன்சேகா 2009 ஜூலையில் அப்பதவிக்கு உயர்த்தப்பட்டார். படை அவர் கையைவிட்டுப் போயிருந்தது. நவம்பரில் அவரே பதவியைத் துறந்து, அடுத்த சனாதிபதித் தேர்தலில் மக்களிடம் வாக்குக் கேட்டு வந்தார்.