பதினோராவது நிகண்டு

என் தாத்தா படித்தது கும்பகோணம் பக்கம் ஒரு திண்ணைப் பள்ளியில். அவர் எழுதிய கடிதங்களில் லகர ளகரப் பிழை ஒன்றுகூடக் கண்டதில்லை. எப்படி என்று கேட்டால், “பதினோராவது நிகண்டு பாடம்டா” என்பார். தமிழாசிரியராக வேலை பார்த்த காலமெல்லாம் அந்தப் பதிலின் அருமை எனக்குக் கூடிக்கொண்டே போனது.

அவர் சொன்னது மண்டலபுருடர் செய்த சூடாமணி நிகண்டு என்னும் செய்யுள் அகராதியின் 12 தொகுதிகளில் பதினோராவதை. முதல் பத்தும் தேவர், மக்கள், விலங்கு, மரம் என்று பொருள்வாரியாகப் போகும். பதினோராவது, ஒரு சொல்லுக்கு உள்ள பல பொருள்களைச் சொல்வது. அதன் வரிசை எதுகை வரிசை: இரண்டாம் எழுத்து ககரமாக வரும் சொற்கள் ஒரு பக்கம், ளகரம் வருபவை ஒரு பக்கம், ழகரம் வருபவை வேறு பக்கம். கடல், சக்கரம், மோதிரம் என்று பொருள்படும் ‘ஆழி’ ழகர எதுகையில் நிற்கும். வண்டுக்கும் அருளுக்கும் பெயரான ‘அளி’ ளகர எதுகையில் நிற்கும். எழுத்தை மாற்றிச் சொன்னால் பாட்டே இடறும். பிள்ளைகள் பொருளைப் பாடம் செய்தபோதே எழுத்தும் கூடவே பதிந்தது.

அன்று அது வெறும் அலங்காரமில்லை. ஓலையில் மெய்யெழுத்துக்குப் புள்ளி குத்தமாட்டார்கள். எகர ஏகாரத்துக்கும் ஒகர ஓகாரத்துக்கும் வடிவ வேறுபாடு கிடையாது. ‘கொடு’, ‘கோடு’ இரண்டும் ஒரே மாதிரி இருக்கும். காலும் ரகரமும்கூட ஒன்றுபோலவே தெரியும். பொருள் தெரிந்தவனே சரியாக வாசிக்க முடியும். 18ஆம் நூற்றாண்டில் வீரமாமுனிவர் நெடிலுக்குத் தனி வடிவம் கொடுத்தார். 1732இல் சதுரகராதியும் செய்தார். யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலர் 1848இல் வண்ணார்பண்ணையில் பள்ளி தொடங்கி, மறு ஆண்டே சூடாமணி நிகண்டை உரையோடு அச்சேற்றினார். பிள்ளைகளின் கைக்கு நிகண்டு போய்ச் சேரவேண்டும் என்பதில் அவருக்கு எவ்வளவு அக்கறை!

பாடத்தில் நிகண்டுக்குப் பிறகு நன்னூல் இலக்கணம். 13ஆம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர், எழுத்ததிகாரத்திலேயே பதவியல் என்று ஓர் இயல் வைத்தார். சொல்லைப் பகுதி, விகுதி, இடைநிலை, சாரியை, சந்தி, விகாரம் என்று பிரிக்கும் கலை அது. எழுத்தைச் சொல்லும் இடத்தில் சொல்லின் உறுப்புகளையும் வைத்தாரே, அதைப் பெரிய ஆசிரியரின் முடிவு என்றே நான் நினைக்கிறேன்.

வகுப்பில் அதன் பயனை நேரில் பார்த்திருக்கிறேன். ஒரு பையன் கரும்பலகையில் ‘கொன்டான்’ என்று எழுதினான். அடிக்கோடு போடாமல், “பகுதி என்னடா?” என்றேன். “கொள், ஐயா.” “கொள்ளில் எந்த ள்?” “பெரிய ள், ஐயா.” பக்கத்தில் முள், முட்செடி, மண், மட்குடம் என்று எழுதிப்போட்டேன். ள், ண், ட் மூன்றும் ஒரு குடும்பம் என்று அவனே கண்டுபிடித்து, னகரத்தை அழித்து ணகரம் போட்டான். பிறகு மற்ற பிள்ளைகளே அடுக்கினார்கள்: கல், கற்சிலை, பொன், பொற்குடம், செல், சென்றான். அது ல், ன், ற் குடும்பம். கேள் என்பது கேட்டான் ஆகும், வில் என்பது விற்றான் ஆகும் என்று யாரும் பாடம் செய்யவில்லை. தாங்களே வரவழைத்தார்கள்.

பழைய பள்ளியை முழுக்கப் புகழ எனக்கு மனமில்லை. சென்னை மாகாணத்தில் தாமஸ் மன்றோ எடுத்த கணக்கை 1826இல் தொகுத்தபோது 12,498 பள்ளிகளில் ஏறத்தாழ 1,88,000 பேர் படித்தார்கள். அதில் பெண்பிள்ளைகள் 5,000 பேர்கூட இல்லை. ஒடுக்கப்பட்ட சாதிப் பிள்ளைகளுக்குப் பெரும்பாலான திண்ணைகள் எட்டாதவை. பிரம்படியும் உண்டு. எல்லாப் பிள்ளைகளுக்கும் கதவைத் திறந்தது பிற்காலத்துப் பள்ளிதான். ஆனால் வந்த பிள்ளைகளுக்கு நிகண்டும் பதவியலும் கிடைக்கவில்லை. சொல்வதை எழுதுதல், பிழைக்குப் பத்துமுறை எழுதுதல் என்று ஆகிவிட்டது. சொல்லைப் பிரிக்கும் அந்தப் பகுபத உறுப்பிலக்கணம் மேல்வகுப்புத் தேர்வில் இரண்டு மதிப்பெண் கேள்வியாக ஒதுங்கியது.

அதை மூன்றாம் வகுப்புக்கே கொண்டுவரலாம். பெயர்கூடச் சொல்ல வேண்டியதில்லை. ஆசிரியர்களே, பெற்றோர்களே, உங்கள் பிள்ளை அடுத்த முறை றகர ரகரத்தில் தடுமாறினால், பத்துமுறை எழுதச் சொல்வதற்கு முன், “இது எந்தச் சொல்லிலிருந்து வந்தது?” என்று ஒருமுறை கேட்டுப் பாருங்கள்.