குப்பையைப் பிரித்த கைகள்



குப்பையைத் தரம் பிரிப்பது புதுப் பழக்கம் என்று சென்னைக்குச் சொல்லித் தரப்படுகிறது. இந்த நகரத்தின் குப்பை எப்போதும் பிரிக்கப்பட்டே வந்திருக்கிறது. கொடுங்கையூரிலும் பெருங்குடியிலும் மலையாகக் குவிந்ததிலிருந்து இரும்பு, பிளாஸ்டிக், பாட்டில் என்று பொறுக்கிக் காயலான் கடைக்குச் சேர்த்தவர்கள் பிரித்தார்கள். காசு எடைக்கு மட்டுமே. கையில் பட்ட வெட்டுக்குக் கணக்கில்லை.

2000ஆம் ஆண்டின் திடக்கழிவு விதிகள், தரம் பிரிப்பதை மக்களுக்கு எடுத்துச் சொல்லுமாறு நகராட்சிகளிடம் கூறின. 2016 விதிகள் அதை வீட்டாரின் கடமையாக்கின: மக்கும் குப்பை, மக்காத குப்பை, அபாயகரமான வீட்டுக் கழிவு என மூன்றாகப் பிரிக்க வேண்டும், நாப்கினையும் டயப்பரையும் பொதிந்து தர வேண்டும்.

சுற்றுச்சூழல் விதியாக எழுதப்பட்ட இதை நாம் சாதியின் வரலாற்றில் வைத்துப் படிக்கிறோம். அவரவர் அழுக்கை அவரவர் கையால் தொடச் சொன்ன விதி இது. அதனால்தான் பல வீடுகளிலிருந்து இன்றும் மீன் முள்ளும் உடைந்த கண்ணாடியும் ஒரே கவரில் வாசலுக்கு வருகின்றன. மற்றதை வண்டி தள்ளிவரும் அம்மா பார்த்துக்கொள்வார்!

துப்புரவுப் பணியாளர் தூய்மைப் பணியாளர் ஆனார். பெயர் மாறியது, கை மாறவில்லை. 2025 ஆகஸ்டில் தனியார்மயத்தை எதிர்த்து, பணி நிரந்தரம் கேட்டு, ரிப்பன் மாளிகை முன் 13 நாள் உட்கார்ந்தவர்கள் நள்ளிரவில் அப்புறப்படுத்தப்பட்டார்கள்.

அவர்களுக்காக முழக்கமிட்டோம், சரி. நம் வீட்டுச் சமையலறையில் எத்தனை வாளி வைத்திருக்கிறோம்? அந்தக் கேள்வியிலிருந்தும் தொடங்குவோம்.