பாதிப் பெயரில் ஒரு கசாயம்

அட்டன் பஜாரில் சிங்களவர் வைத்திருக்கும் சில்லறைக் கடையில் போய் "மல்லி, நூறு கிராம் தாங்க" என்று கேட்டால் கடைக்காரர் முகத்தில் ஒரு சிரிப்பு வரும். சிங்களத்தில் மல்லி என்றால் தம்பி. கேட்டவர் தன்னைத் தம்பி என்று கூப்பிட்டாரா, சரக்கின் பெயரைச் சொன்னாரா என்பது அவருக்குத் தெரியாமல் இல்லை; மலையகக் கடைத்தெருவில் இது பழைய வேடிக்கைதான். ஆனாலும் "கொத்தமல்லி" என்று முழுப் பெயரைச் சொன்னால் வேலை சுருக்கமாக முடியும். சிங்களத்திலும் அதற்குக் கொத்தமல்லி என்றே பெயர். தமிழிலிருந்து போன சொல்லை அவர்கள் முழுதாக வைத்திருக்கிறார்கள். சொல்லைக் கொடுத்தவர்கள் பாதியோடு நிற்கிறோம்.

அந்தப் பாதியும் நம்முடையதுதானா என்று பார்க்கலாம்.

கொத்தமல்லிக்குப் பெயர்க் காரணம் கேட்டால் யாரும் யோசிக்காமல் சொல்வார்கள்: கொத்துக் கொத்தாகப் பூக்கிறது, மல்லி போல வெள்ளையாகப் பூக்கிறது, ஆகவே கொத்துமல்லி. கேட்க நன்றாக இருக்கிறது. பக்கத்து வீட்டு மொழிகளை எட்டிப் பார்த்தால் இந்த விளக்கம் நிற்பதில்லை. கன்னடத்தில் கொத்தம்பரி. தெலுங்கில் கொத்திமிரி. மலையாளத்தில் கொத்தமல்லி உண்டு, கொத்தம்பாலரியும் உண்டு. கடல் தாண்டிப் போனால் மலாய்க்காரர்கள் கெதும்பார் என்கிறார்கள். மலையாளத்தின் ஒரு பெயரைத் தவிர எங்குமே மல்லிகை வாடை இல்லை. எல்லாவற்றிலும் நடுவில் ஒரு 'ம்ப', அல்லது அது தேய்ந்த 'ம'. கடைசியில் ஒரு 'ரி', 'ர்' அல்லது 'லி'. 'ம்பரி' என்ற வால் தமிழ் நாக்கில் 'ம்பலி', 'மலி' என்று இளகி, பொருள் தேடி மல்லியில் போய் ஒட்டிக்கொண்டது என்று கொள்வதே எனக்குப் பொருத்தமாகப் படுகிறது. மல்லி வந்த பிறகு, முன்னால் நின்ற 'கொத்த' என்பதைக் கொத்தாக்கிக்கொள்வது கடினமில்லை.

அதே 'ம்ப' சமஸ்கிருதத்திலும் நிற்கிறது. அங்கே இதன் பெயர் குஸ்தும்புரு. பாணினியின் இலக்கணத்தில் இந்தச் சொல்லுக்கென்றே ஒரு சூத்திரம் இருக்கிறது. ஆறாம் அத்தியாயத்தில், முதல் பாதத்தில். அவர் சொல்வது இது: செடியின் பெயராக வரும்போது 'கு' என்பதற்கும் 'தும்புரு' என்பதற்கும் நடுவே ஒரு 'ஸ்' நுழையும், செடியைக் குறிக்காவிட்டால் குதும்புரு என்றே நிற்கும் (உரைகாரர்கள் அதற்குத் தரும் பொருள் மட்டமான தும்புருக் காய்). அதாவது இலக்கண உலகின் பெரியவரே இந்தச் சொல்லை இரண்டாக உடைத்து, நடுவில் நிற்கும் ஓர் எழுத்துக்கு விதி எழுத வேண்டியிருந்தது. கொத்து + மல்லி என்று பிரித்த நம் பாட்டிகளுக்கும் அவருக்கும் பெரிய தூரம் இல்லை. இருவரும் செய்தது, வெளியிலிருந்து வந்த ஒரு பெயரைத் தமக்குத் தெரிந்த துண்டுகளாக உடைத்ததுதான்.

கிரேக்கர்களும் விடவில்லை. அவர்கள் வைத்த கொரியன்னொன் என்ற பெயரில் 'கொரிஸ்' இருக்கிறது, கொரிஸ் என்றால் மூட்டைப்பூச்சி, பச்சை மல்லியின் வாடை நசுக்கிய மூட்டைப்பூச்சியின் வாடை என்று கதை கட்டினார்கள். பச்சைக் காயை விரலில் நசுக்கி முகர்ந்தவர்கள் இதை அடியோடு மறுக்கமாட்டார்கள். ஆனால் 3,200 ஆண்டுகளுக்கு முந்தைய கிரேக்கக் களிமண் பலகைகளில் இதே சரக்கு கொரியதனா என்று பதிவாகியிருக்கிறது. மூட்டைப்பூச்சிக் கதை அந்தப் பழைய வடிவத்தோடு ஒட்டுவதில்லை. மல்லியின் பிறப்பிடம் மத்தியதரைக் கடலோரமும் மேற்காசியாவும். துத்தங்காமுன் கல்லறையில்கூட அதன் விதை கிடைத்தது. சரக்கு கைமாறிய ஊரெல்லாம் பெயரும் உடைந்து, ஒட்டி, புதுப் பொருள் பெற்றிருக்கிறது.

தமிழிலேயே இதற்கு வேறு இரண்டு பெயர்கள் உண்டு. ஒன்று தனியா, தான்யக என்ற வடசொல்லின் வழி வந்தது, சென்னைப் பக்கம் செல்வாக்கானது. இன்னொன்று உருளரிசி, சித்த மருத்துவ ஏடுகளிலும் அகராதிகளிலும் மட்டும் உயிரோடு இருப்பது. உருண்டையான அரிசி என்று கண்ணால் பார்த்து வைத்த பெயர். மூன்றிலும் அழகான பெயர் அதுதான். அதைத்தான் யாரும் சொல்வதில்லை.

மலையகத்துக்கு வந்து சேர்ந்தது மல்லி. காரணம் தெரிந்ததே. கோப்பிக் காலத்திலும் பிறகு தேயிலைக் காலத்திலும் கங்காணிகள் ஆள் கட்டிய ஊர்கள் திருச்சி, புதுக்கோட்டை, மதுரை, இராமநாதபுரம், திருநெல்வேலி, சேலம் என்று போகும். இவற்றில் பெரும்பாலான ஊர்களில் இன்றும் சந்தைக்குப் போகிறவர் மல்லி என்றுதான் கேட்பார். விருதுநகர், தூத்துக்குடிக் கரிசலில் மானாவாரியாக விளைவதும் மல்லிதான். அங்கே 'கொத்து' எப்போதோ உதிர்ந்துவிட்டது. மன்னார்க் கரையில் இறங்கி மாத்தளை வழியாக மலை ஏறியவர்களின் வாயில் இந்தப் பாதிப் பெயரே இருந்தது.

சிங்களவருக்குப் போன முழுப் பெயர் இவர்கள் கொண்டுபோனதல்ல. அது அதற்கு முந்தைய கதை. சிங்கள மருந்துக் கடையின் சொற்களைக் கொஞ்சம் கிளறினால் தெரியும்: பெருங்காயம் அங்கே பெரும்காயம், படிகாரம் சீனக்காரன், நம் சீனக்காரம், ஓமம் அசமோதகம், அதுவும் தமிழ் வழியே போனது என்பார்கள். இவை எதுவும் இலங்கையில் விளைகிற சரக்கு அல்ல, கப்பலில் வந்தவை. கொத்தமல்லியும் அப்படித்தான், இன்றும் பெரும்பகுதி வெளியிலிருந்தே இறங்குகிறது. மூட்டையை இறக்கிய வியாபாரி பெயரையும் இறக்கினான். கொழும்புப் புறக்கோட்டையில் கெபோஸ் ஒழுங்கைக்குள் நுழைந்தால், ஆயுர்வேத மூலிகைச் சரக்கு விற்கும் அந்தக் குறுகிய தெருவில், சிங்கள வைத்தியரும் தமிழ்க் கடைக்காரரும் முஸ்லிம் வியாபாரியும் ஒரே பெயரைச் சொல்லித்தான் சரக்கு நிறுக்கிறார்கள்.

உள்ளூரில் கிடைத்த சரக்கு வேறு மாதிரி. சளிக்கும் காய்ச்சலுக்கும் சிங்கள வீடுகளில் கொதிக்க வைக்கும் பஸ்பங்குவ என்ற ஐந்து சரக்குப் பொட்டலம் இப்போது நுவரெலியா, தலவாக்கலை, மஸ்கெலியாக் கடைகளிலும் தொங்குகிறது. பஸ் என்றால் ஐந்து, பங்குவ நம் பங்குதான். உள்ளே இருப்பவை பத்பாடகம், கட்டுவெல்பட்டு, இங்குரு, கொத்தமல்லி, வெனிவெல்கெட்ட. முதலாவது நமது பற்பாடகம். இரண்டாவது கண்டங்கத்தரி. இங்குரு இஞ்சி, அதன் பின்னால் பாலி மொழியின் சிங்கிவேர நிற்கிறது, அதற்கும் பின்னால் 'இஞ்சிவேர்' நிற்கிறது என்று அறிஞர் பலர் சொல்கிறார்கள். வெனிவெல்கெட்ட என்பது சித்த மருத்துவர் மரமஞ்சள் என்று சொல்லும் கசப்புக் கொடி. ஆனால் தோட்டத்தில் மரமஞ்சள் என்று சொன்னால் யாருக்கும் புரியாது. வெனிவெல் என்றால் புரியும். கப்பல் சரக்குக்குத் தமிழ்ப் பெயர், காட்டுச் சரக்குக்குச் சிங்களப் பெயர் என்று ஐந்து சரக்குக்குள்ளேயே ஒரு கணக்கு ஓடுகிறது. வந்த ஊரில் காடு யாருக்குத் தெரியுமோ, அவரிடம்தானே செடியின் பெயரைக் கேட்க வேண்டும்?

கசாயம் என்ற சொல்லையும் தொட்டுவிடலாம். கஷாய என்றால் துவர்ப்பு. பட்டையையும் வேரையும் காய்ச்சினால் துவர்ப்பும் வரும், செங்காவி நிறமும் வரும். அந்தச் சாற்றில் தோய்த்த துணி காஷாயம், துறவியின் உடை. லயத்து அடுப்பில் கொதிப்பதற்கும் பன்சலையிலிருந்து இறங்கி வரும் பிக்குவின் அங்கிக்கும் ஒரே வேர். கசப்பதால் கசாயம் என்று நாம் நினைத்துக்கொண்டிருப்பது இன்னொரு கொத்து + மல்லி.

கைமருந்து என்று நாம் சொல்வதைச் சிங்களவர் அத் பெஹெத் என்கிறார்கள். அத் கை, பெஹெத் மருந்து. இதில் யார் யாரிடம் வாங்கினார்கள் என்ற வழக்கைவிட, மலையகத்தில் கைமருந்து ஏன் இவ்வளவு காலம் கையை விட்டுப் போகவில்லை என்பதுதான் முக்கியம். கோப்பித் தோட்டங்களுக்கு நடந்து வந்தவர்கள் வழியிலேயே வாந்திபேதியிலும் காய்ச்சலிலும் செத்தார்கள். தோட்டத் தொழிலாளரின் மருத்துவத் தேவைக்கென்று அரசு ஒரு சட்டம் போட்டதே 1872இல்தான். லூல்கந்துர தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் தேயிலை வைத்தது 1867. கோப்பி இலையில் துருநோய் தெரிந்தது 1869. ஆக ஒரு பயிரின் காலமே முடியப்போகும் நேரத்தில்தான் சட்டம் வந்தது. பிறகு டிஸ்பென்சரி வந்தது, தோட்டத்து 'டாக்டரையா' வந்தார். ஆனால் டிஸ்பென்சரிக்குப் போனால் அன்றைய பேர் போகும். பேர் போனால் சம்பளம் போகும். காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் போகுமுன் அடுப்பில் ஏற்றிக் குடித்துவிட்டு ஓடக்கூடிய மருந்துதான் இவர்களுக்குக் கட்டுபடியானது.

அதைச் செய்வதும் லேசு. ஒரு கைப்பிடி மல்லியை வெறும் சட்டியில் போட்டு, நிறம் லேசாக மாறி வாசம் கிளம்பும்வரை வறுக்க வேண்டும். கருகினால் கசந்து போகும், திரும்ப வறுக்க வேண்டியதுதான். அம்மியிலோ உரலிலோ ஒன்றிரண்டாகத் தட்டி, தோலோடு நசுக்கிய இஞ்சித் துண்டும் நாலைந்து மிளகும் சேர்த்து, மூன்று கோப்பைத் தண்ணீரை ஒன்றரையாகச் சுண்ட வைப்பது. சீனியைப் போட்டுக் கலக்குவதில்லை. உள்ளங்கையில் கித்துள் கருப்பட்டித் துண்டு ஒன்றை வைத்துக் கடித்துக்கொண்டே குடிப்பார்கள். வெறுந்தேத்தண்ணிக்கும் அதே பழக்கம்தான். ஒவ்வொரு மிடறிலும் முதலில் காரம், பிறகுதான் இனிப்பு. வெள்ளனப் பனியில் நெஞ்சு இறுகிக் கிடக்கிறவருக்கு அந்தச் சூடு இறங்கும்போது மூச்சு கொஞ்சம் இளகும்.

அவ்வளவுதான் அது செய்வது. அதற்கு மேல் சொல்லப்படுவதை நான் நம்புவதில்லை. விதையின் வாசனை எண்ணெயில் பெரும்பங்கு லினலூல் என்ற பொருள். நல்ல மணம், தொண்டைக்கு இதம். சளிக் காய்ச்சலுக்குக் காரணமான கிருமியை இது கொல்லும் என்பதற்கு ஆதாரம் இல்லை. 2020 டிசம்பரில் கேகாலையில் தம்மிக்க பண்டார என்பவரின் கொரோனாப் பாணிக்கு ஆயிரக்கணக்கானோர் கூடியதும், அதைப் பகிரங்கமாகக் குடித்த சுகாதார அமைச்சருக்கே அடுத்த மாதம் தொற்று வந்ததும் நாடறிந்த கதை. மல்லிக்கு அப்படியொரு பட்டம் சூட்டாமல் விட்டால் அதன் மரியாதை நிற்கும். காய்ச்சல் இரண்டு நாளைத் தாண்டினால் டெங்கா என்று இரத்தம் பார்க்கத்தான் வேண்டும். ஒரு வயது ஆகாத பிள்ளைக்கு இதில் தேன் கலந்து கொடுப்பதும் கூடாது.

தமிழ்நாட்டில் இதே பானத்துக்குச் சுக்குமல்லிக் காப்பி என்று பெயர். காப்பித்தூள் ஒரு சிட்டிகைகூட அதில் இல்லை. அங்கே காப்பி என்பது ஒரு காலத்தில் அந்தஸ்தின் பெயராக இருந்தது. அதன் சமூக வரலாற்றை ஆ. இரா. வேங்கடாசலபதி 'அந்தக் காலத்தில் காப்பி இல்லை' நூலில் எழுதியிருக்கிறார். கறுப்பாக, சூடாக, தம்ளரில் வருவதெல்லாம் காப்பி ஆகிவிட்டது. நம் நாட்டில் அது கோப்பி, ஒல்லாந்தரின் கொஃபி வழியாக வந்தது. (எழுதும் கொப்பி வேறு, குறிலும் நெடிலும் மாறினால் பள்ளிக்கூடப் பிள்ளை பானத்தில் வீட்டுப்பாடம் எழுத வேண்டிவரும்.) யாழ்ப்பாணத்தில் மல்லியும் வேர்க்கொம்பும் (சுக்கும்) சேர்த்து வறுத்து இடித்த கோப்பித்தூள் இன்றும் உண்டு. அங்கே உண்மையாகவே கோப்பி இருக்கிறது, மல்லி துணைக்கு வருகிறது.

இதே மலைகளில் கோப்பி நட்ட மக்களின் பேரப்பிள்ளைகளோ இதைக் கோப்பி என்று சொல்லவில்லை. மல்லித் தண்ணி என்கிறார்கள். கோப்பி அவர்களுக்குக் கூலி தந்த பயிர், குடித்த பானம் அல்ல. குடித்தது தேத்தண்ணி. அதன் அச்சில்தான் மல்லித் தண்ணியும் வார்க்கப்பட்டது. தேயிலைக்குப் பதில் மல்லி. மற்றதெல்லாம் அதே கேத்தல், அதே கோப்பை, அதே கருப்பட்டி.

இப்போது அந்தப் பெயரும் தளர்கிறது. லிங்க் நேச்சுரல் நிறுவனத்தின் சமஹன் பொட்டலங்கள் சரம் சரமாகக் கடை வாசலில் தொங்குகின்றன. வெந்நீர் இருந்தால் போதும். வறுக்க வேண்டாம், தட்ட வேண்டாம். தும்முகிற பிள்ளையிடம் "மல்லித் தண்ணி வைக்கவா?" என்று கேட்ட வாய், "சமஹன் ஒன்னு கலக்கவா?" என்று கேட்கிறது. பதினான்கு மூலிகைகள் சேர்ந்தது அது. உறையில் பொடி எழுத்தில் இருக்கும் பட்டியலில் மல்லியும் ஒன்று, முழுப் பெயரோடு.