மந்திர வித்தையின் சரித்திரம்: ஃபிரீரென் கதையை முன்னிட்டு ஓர் ஆராய்ச்சி

ஜப்பானியச் சித்திரக் கதைகளில் மந்திரவாதி புதிய பாத்திரம் அல்லன். 1966-இல் யோகோயாமா மிட்சுதெருவின் ‘மந்திரக்காரி சாலி’ தொலைக்காட்சியில் தோன்றியபோது மந்திரம் பிறப்பினால் வாய்த்த சக்தியாக இருந்தது. சாலி மந்திர லோகத்து இளவரசி, ஆகவே அவள் நினைத்தது நடந்தது. பின்னர், வரையத் தெரிந்த எவரும் மந்திரம் செய்யலாம் என்பதையே பரம இரகசியமாக வைத்து 2016-இல் தொடங்கிய ஷிராஹாமா கமோமேயின் மங்கா போன்றவை, மந்திரத்தைப் பயின்று பெறும் வித்தையாக்கின. அவ்வித்தைக்கு ஒரு சரித்திரமும் உண்டு என்று முழுமையாக நிறுவியது, யமடா கனெஹிதோ எழுத, அபே த்சுகாசா வரைய, 2020 முதல் ‘ஷோனென் சண்டே’ வார இதழில் வெளிவந்து, 2023-இல் மேட்ஹவுஸ் நிறுவனத்தால் அனிமேயாகவும் ஆக்கப்பெற்ற ஃபிரீரென் கதையே என்பது என் துணிபு.

ஆயிரம் ஆண்டுக்கு மேல் வாழ்ந்த எல்ஃப் இன மந்திரவாதி ஃபிரீரென், தன்னோடு பத்தாண்டு பயணம் செய்த வீரன் ஹிம்மலின் இறுதிச் சடங்கில், அவனை அறிந்துகொள்ள முயலாமற் போனோமே என்று கண்ணீர் விடும் காட்சியைக் கொண்டு, இதனை மரணமும் நினைவும் பற்றிய சோக காவியம் என்று பலரும் கொள்வர். அது பிழையன்று; ஆயினும் கதையின் ஆணிவேர் மந்திர வித்தையின் சரித்திரத்தில் இருக்கிறது.

குவால் என்னும் அரக்கன் வரும் பகுதியைப் பார்ப்போம். எந்தக் கவசத்தையும் துளைத்து மனிதரைக் கொல்லும் ‘ஸோல்ட்ராக்’ என்ற மந்திரத்தை ஆக்கியவன் அவன். ஹிம்மலின் கூட்டத்தாராலும் வெல்ல முடியாமல் முத்திரையிட்டு அடைக்கப்பட்டவன். எண்பது ஆண்டுகள் கழித்து முத்திரை நீங்க, அவன் தன் மந்திரத்தைப் பிரயோகிக்கிறான். ஃபிரீரெனின் மாணவியான இளம்பெண் ஃபெர்ன், சாதாரணமான தற்காப்பு மந்திரம் ஒன்றினால் அதைத் தடுத்து நிற்கிறாள். அவன் அடைபட்டிருந்த காலத்தில் கண்டமெங்கும் உள்ள மந்திரவாதிகள் அந்த ஸோல்ட்ராக்கைப் பகுத்து ஆராய்ந்து, அதற்கு மாற்றும் கண்டு, அதனையே தம் பொதுவான தாக்குதல் மந்திரமாக்கிக்கொண்டார்கள். ஒருவனுடைய அபூர்வ சித்தி, பலருடைய உழைப்பினால் பாலபாடமாகிவிட்டது. அரக்கனோ, ஆயுள் முழுவதையும் ஒரே மந்திரத்துக்கு அர்ப்பணித்து, அதைத் தன் தனிப்பெருமையாகக் காப்பவன். அவன் தோற்றது வலிமைக் குறைவால் அன்று, அறிவைப் பகிராத குறையால். இவ்விடத்தில் எனக்கு ஒரு மனத்தாங்கல் உண்டு: அரக்கரை மனிதமொழி பேசும் வேட்டை விலங்குகளாக மட்டும் காட்டும் இக்கதை, பகைவனிடமிருந்து மனிதர் கற்றுக்கொண்ட கடனை எடைபோட மறுக்கிறது.

அறிவு யாருக்கு உரியது என்ற விவாதத்தையே ஆசிரியர் இரண்டு ஆசான்களாக உருவகித்திருக்கிறார். வல்லவர்க்கே மந்திரம் தக்கது என்பவள் பேராற்றல் படைத்த ஸெரியே. எல்லாரும் மந்திரம் பயிலும் உலகை விரும்பியவள் அவளுடைய மாணவியும் ஃபிரீரெனின் ஆசிரியையுமான ஃப்ளாம்மே. மலர்வெளியை உண்டாக்கும் எளிய மந்திரமே ஃப்ளாம்மேக்குப் பிரியமானது. முதல்தர மந்திரவாதித் தேர்வில், உனக்குப் பிடித்த மந்திரம் எது என்று ஸெரியே வினவ, ஃபிரீரென் அதனையே சொல்லித் தேர்வில் தோற்கிறாள்.

தேர்ச்சி பெறும் ஃபெர்னோ, விரும்பிய மந்திரம் எதையும் கேட்டுப் பெறும் உரிமை வாய்த்தும், ஆடையின் அழுக்கைப் போக்கும் மந்திரத்தைக் கேட்கிறாள். ஸெரியேக்கு அது பிடிக்கவில்லை. ஆனால் நெடுவழிப் பயணத்தில் நாள்தோறும் துணி துவைக்கும் ஒரு பெண், உலகை வெல்லும் சக்தியை விட அதுவே வேண்டும் என்று தேர்ந்தது, மந்திரம் எதற்காக என்ற கேள்விக்கு இவ்விலக்கிய வகை இதுவரை தந்த விடைகளுள் தலைசிறந்தது என்பேன். போர்க் காட்சிகளுக்காக மட்டும் இக்கதையை நாடுவோர், அத்தேர்வுப் பகுதியை ஒருமுறை நிதானமாகப் படித்துப் பார்க்க வேண்டுகிறேன்.