சரிந்த அணியும் புதிய பயிற்சியாளரும்: சென்னைக் கால்பந்தின் நான்கு மீட்சிகள்

சென்னையின் பெயர் தாங்கிய இரண்டு தொழில்முறைக் கால்பந்து அணிகள் 2015க்கும் 2020க்கும் இடையில் நான்கு முறை புள்ளிப் பட்டியலின் அடியிலிருந்து எழுந்து இறுதிப் போட்டிக்கோ கோப்பைக்கோ போயின. அவற்றில் மூன்று, புதிதாக வந்த பயிற்சியாளரின் முதல் சீசனிலேயே நடந்தவை. இந்தியக் கால்பந்தில் இவ்வளவு குறுகிய காலத்தில் இத்தனை மீட்சிகளை ஒரே நகரத்தின் அணிகள் கண்டது அபூர்வம். பயிற்சியாளர் வீரர்களுக்கு ஊக்கமூட்டினார் என்பது இவற்றுக்கு வழக்கமாகத் தரப்படும் விளக்கம். அது பொய்யல்ல, ஆனால் அதை மட்டும் வைத்துக்கொண்டு நான்கில் ஒன்றைக்கூட விளக்க முடியாது.

அதற்கு முந்தைய மெட்ராஸ் கால்பந்தில் இப்படி ஒரு திடீர் ஏற்றத்துக்கு வழியே இல்லை. ஐ.சி.எஃப்., இந்தியன் வங்கி, சுங்கத்துறை, துறைமுகம் போன்ற நிறுவன அணிகள்தான் அன்று லீகை ஆண்டன. நன்றாக ஆடுகிற பையனுக்கு ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் வேலை கிடைக்கும். வேலை கிடைத்தவர் கால் ஓயும்வரை அதே அணியில் ஆடுவார். வீரர்களுக்கு அது பெரிய பாதுகாப்பு. வியாசர்பாடி போன்ற பகுதிகளின் எத்தனையோ குடும்பங்கள் அந்தச் சம்பளத்தில் நிமிர்ந்தன. ஆனால் எவ்வளவு திறமையான பயிற்சியாளர் வந்தாலும் அணியை ஒரே ஆண்டில் மாற்றியமைக்க முடியாது. கையில் இருக்கும் ஆட்களை வைத்து மெல்ல மெல்லத்தான் முன்னேற வேண்டும்.

2014இல் தொடங்கிய இந்தியன் சூப்பர் லீக் இந்த நிலையை அடியோடு மாற்றியது. அப்போது எட்டு அணிகள், அணிக்கு 14 லீக் ஆட்டங்கள், முதல் நான்கு இடங்களுக்கு அரையிறுதி. களத்தில் ஒரே நேரத்தில் ஆறு வெளிநாட்டு வீரர்கள் வரை இறங்க முடிந்தது. சீசன் சிறியது என்பதால் இரண்டு வார நல்ல ஆட்டம் ஓர் அணியின் தலையெழுத்தையே மாற்றிவிடும். 2015இல் சென்னையின் எஃப்.சி.க்கு நடந்தது அதுதான். உலகக் கோப்பை வென்ற இத்தாலிய வீரர் மார்கோ மாத்தெராஸி பயிற்சியாளராக இரண்டாவது ஆண்டு. பத்து ஆட்டங்கள் முடிந்தபோது அணி கடைசி இடத்தில் இருந்தது. மிச்சமிருந்த நான்கையும் வென்று 22 புள்ளிகளுடன் மூன்றாம் இடம் பிடித்தது. டிசம்பர் வெள்ளத்தில் நகரமே மூழ்கியதால் சொந்த மண்ணில் ஆட வேண்டிய அரையிறுதி புணேவுக்குப் போனது. அங்கே கொல்கத்தாவை 3-0 என வென்றார்கள். டிசம்பர் 20 அன்று ஃபத்தோர்தாவில் நடந்த இறுதியில் 87ஆம் நிமிடத்தில் கோவா 2-1 என முன்னிலை பெற்றது. 90ஆம் நிமிடத்தில் கோவா கோல்கீப்பர் கட்டிமணியின் கையில் பட்ட பந்து அவருடைய வலைக்குள்ளேயே போனது. 90 நிமிடங்களுக்குப் பின் சேர்க்கப்பட்ட நேரத்தில் ஸ்டீவன் மெண்டோசா வெற்றி கோலை அடித்தார். அந்த சீசனில் அவர் அடித்த கோல்கள் 13. மாத்தெராஸி புதிதாக யாரையும் தேட வேண்டியிருக்கவில்லை. லீகின் மிகச் சிறந்த கோலடிப்பாளர் ஏற்கனவே அவர் அணியில் இருந்தார்.

அடுத்த ஆண்டே அணி எட்டில் ஏழாவது. மாத்தெராஸி விலகினார். 2017இல் வந்த ஜான் கிரகரி, இங்கிலாந்தின் ஆஸ்டன் வில்லா அணியின் பயிற்சியாளராக இருந்தவர். வெளிநாட்டு வீரர்களில் பெரும்பாலோரை மாற்றிய அவர், இந்திய முதுகெலும்பில் கைவைக்கவில்லை. ஜேஜே, அனிருத் தாப்பா, ஜெர்ரி, கோல்கீப்பர் கரண்ஜித் எல்லோரும் இருந்தார்கள். களத்தில் வெளிநாட்டவர் எண்ணிக்கை அந்த ஆண்டு ஐந்தாகக் குறைந்ததால் இந்திய வீரர்களின் தரமே வித்தியாசத்தைத் தீர்மானித்தது. அரையிறுதியில் கோவாவை 3-0 என வென்றபோது மூன்று கோல்களும் இந்தியர்களுடையவை: ஜேஜே இரண்டு, வியாசர்பாடியின் தனபால் கணேஷ் ஒன்று. 2018 மார்ச் 17 அன்று பெங்களூருவில், பெங்களூரு ரசிகர்கள் நிறைந்த அரங்கில், சுனில் சேத்ரி ஒன்பதாவது நிமிடத்திலேயே கோல் அடித்தும் சென்னை 3-2 என வென்றது. மெய்ல்சன் ஆல்வெஸ் தலையால் முட்டிய இரண்டு கோல்களும் கார்னரிலிருந்து வந்தவை. கார்னர் ஆட்டம் பயிற்சி மைதானத்தில் குறுகிய காலத்தில் கற்றுத் தரக்கூடியது. புதிய பயிற்சியாளர்களின் முதல் ஆதாயம் பெரும்பாலும் இங்கிருந்துதான் வருகிறது.

நான்கிலும் ஆழமானது சென்னை சிட்டி எஃப்.சி.யின் கதை. பணமும் தொலைக்காட்சி வெளிச்சமும் குறைந்த ஐ-லீகில், கோவையைச் சொந்த மைதானமாக்கி ஆடிய அணி அது. 2017-18இல் பத்து அணிகளில் எட்டாம் இடம். 2018இல் பொறுப்பேற்ற சிங்கப்பூர்க்காரர் அக்பர் நவாஸ் பந்தைத் தரையில் வைத்து, சிறு பாஸ்களில் நகர்த்தும் ஆட்டத்தைத் தேர்ந்தெடுத்தார். அந்தப் பாணிக்குப் பொருந்துகிறவர்களாகவே பெத்ரோ மான்சி, சாந்த்ரோ ரொத்ரிகெஸ், நெஸ்தோர் கொர்தியோ, ரொபெர்த்தோ எஸ்லாவா நால்வரும் வந்தார்கள். ஸ்பெயினின் கீழ்நிலை லீகுகளில் ஆடிய அவர்களுக்கு ஒருவரை ஒருவர் புரிந்துகொள்ள நாள் பிடிக்கவில்லை. கூடவே எட்வின் சிட்னி வன்ஸ்பால், ரொமாரியோ ஜேசுராஜ், அஜித் குமார் போன்ற தமிழக இளைஞர்கள். 2019 மார்ச் 9 அன்று கடைசி ஆட்டத்தில் மினர்வா பஞ்சாப் மூன்றாவது நிமிடத்திலேயே முன்னிலை பெற்றது. பட்டத்துக்குப் போட்டியிட்ட ஈஸ்ட் பெங்கால் அன்று தன் ஆட்டத்தை இறுதியில் வென்றது. சென்னை டிரா செய்திருந்தாலும் கோப்பை கைநழுவியிருக்கும். மான்சி பெனால்டியில் சமன் செய்தார். தடுப்பாட்டக்காரர் கௌரவ் போரா இரண்டு கோல் அடித்தார். 43 புள்ளிகளுடன் சென்னை சிட்டி சாம்பியன், ஈஸ்ட் பெங்காலுக்கு 42. மான்சியின் கணக்கில் 21 கோல்கள். தமிழ்நாட்டு அணி ஒன்று ஐ-லீக் பட்டம் வென்றது அதுவே முதல் முறை.

2018-19இல் 18 ஆட்டங்களில் இரண்டே வெற்றி பெற்று சூப்பர் லீகின் கடைசி இடத்துக்குப் போயிருந்தது கிரகரியின் சென்னையின் எஃப்.சி. தனபால் கணேஷ் காயத்தால் ஆட முடியாமல் போனதும் அதற்கு ஒரு காரணம். அடுத்த சீசனில் ஆறு ஆட்டங்களில் ஐந்து புள்ளிகள். முதல் நான்கு ஆட்டங்களில் ஒரு கோல்கூட இல்லை. 2019 டிசம்பரில் கிரகரிக்குப் பதிலாக ஓவன் கோய்ல் பயிற்சியாளராக வந்தார். மீதி 12 ஆட்டங்களில் 24 புள்ளிகள், இரண்டே தோல்விகள். வல்ஸ்கிஸ், கிரிவெல்லாரோ, சாங்டே எல்லோருமே கிரகரியின் அணியில் இருந்தவர்கள்தான். கோய்ல் அவர்களை முன்னேறி ஆட விட்டார். வல்ஸ்கிஸ் 15 கோல் அடித்துத் தங்கக் காலணி பெற்றார். அரையிறுதியில் கோவாவை மொத்தக் கணக்கில் 6-5 என வீழ்த்திய அணி, 2020 மார்ச் 14 அன்று கொரோனாவால் ஆளில்லாத அரங்கில் கொல்கத்தாவின் ஏ.டி.கே.யிடம் 3-1 எனத் தோற்றது.

கிரகரியும் நவாஸும் ஒரே சீசன் இடைவெளியில் ஆட்களை மாற்றிக்கொள்ள வாய்ப்புப் பெற்றவர்கள். கோய்ல் முந்தையவர் பயன்படுத்தாமல் விட்ட திறமையைக் கண்டெடுத்தவர். அமெரிக்கக் கல்லூரிகளின் கால்பந்திலும், அவர்கள் ஆட்டம் வேறு என்றாலும், முதல் வழியே இன்று ஓங்கியிருக்கிறது. மாணவ வீரர்கள் ஓராண்டு காத்திருக்காமல் கல்லூரி மாற 2021இல் விதி தளர்ந்தது. 2023இல் மூன்று வெற்றி, ஒன்பது தோல்வி எனக் கிடந்த இந்தியானா பல்கலைக்கழகத்துக்குப் புதிய பயிற்சியாளராக கர்ட் சிக்னெட்டி, தன் பழைய ஜேம்ஸ் மேடிசன் அணியின் வீரர்கள் பலரோடு வந்து சேர்ந்தார். 2024இல் 11 வெற்றி, இரண்டே தோல்வி.

ஆட்களால் வந்த உயர்வு ஆட்களோடு போவதையும் சென்னை பார்த்தது. கொர்தியோ 2019இல் ஹைதராபாத்துக்கும், மான்சி 2020 தொடக்கத்தில் ஜப்பானுக்கும் போனார்கள். சென்னை சிட்டி பட்டத்தைத் தக்கவைக்கவில்லை. கோய்ல் ஜம்ஷெட்பூருக்குப் போனபோது வல்ஸ்கிஸும் அங்கே சேர்ந்தார். சென்னையின் எஃப்.சி. அடுத்த மூன்று சீசன்களும் வெவ்வேறு பயிற்சியாளர்களின் கீழ் எட்டாம் இடத்திலேயே நின்றது. ஜம்ஷெட்பூரில் கோய்லுக்கு முதல் ஆண்டு ஆறாம் இடம். இரண்டாம் ஆண்டில்தான் லீக் கேடயம் கிடைத்தது. 2023இல் சென்னைக்குத் திரும்பி அணியை ஆறாம் இடத்துக்கும் பிளே-ஆஃபுக்கும் கொண்டுவந்தார். 2024-25இல் 13 அணிகளில் அது பதினோராவதாக முடித்தது.